எண்ணெய் நகரில் லாசரோ கார்டெனாஸ்

பெரியோர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அவர்கள் பதவியில் அமர்ந்த பின்னர் ஆற்றிய செயல்களையே நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கின்றோம். அச்செயல்களுக்கான வித்து எந்த மண்ணில் விழுந்தது, எத்தனை ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து முளைத்தது என்று தேடுபவர் சிலரே. மெக்சிகோ நாட்டின் குடியரசுத் தலைவராக 1934 முதல் 1940 வரை விளங்கிய லாசரோ கார்டெனாஸ், 1938 மார்ச் 18 அன்று அந்நாட்டின் எண்ணெய் வளத்தை அந்நிய நிறுவனங்களிடமிருந்து மீட்டு நாட்டுடைமையாக்கினார். இச்செய்தியை வரலாற்று நூல்கள் யாவும் கூறும். ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த படைத்தலைவராக, ஓர் எண்ணெய் நகரத்தின் எதிர்க்கரையில் அவர் கழித்த மூன்று ஆண்டுகளைப் பற்றி விரிவாகப் பேசுவோர் குறைவு. அந்த மூன்று ஆண்டுகளையே இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக நம் மாணவச் செல்வங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

இளமையும் கையெழுத்தும்

லாசரோ கார்டெனாஸ் 1895 மே 21 அன்று, மெக்சிகோவின் மேற்குப் பகுதியிலுள்ள மிச்சோகான் மாநிலத்தில், ஹிக்கில்பான் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தமாசோ ஒரு சிறு கடை நடத்தி வந்தவர். குழந்தைகள் எண்மர், ஆண்மக்களில் மூத்தவர் லாசரோ. தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றது. அதற்கு மேல் படிக்க வைக்கும் வசதி குடும்பத்திற்கு இல்லை. பதினான்கு வயதளவில் ஊரிலிருந்த வரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1911-இல் தந்தை மறைந்தபோது, குடும்பப் பாரம் பதினாறு வயதுச் சிறுவனின் தோளில் விழுந்தது. வரி அலுவலக வேலையோடு ஓர் அச்சகத்திலும் உழைத்தார். ஊர்ச் சிறையின் காவற் பொறுப்பையும் சிறிது காலம் ஏற்றார்.

1913-இல் மெக்சிகோவின் முறையான குடியரசுத் தலைவரான மதேரோ கொல்லப்பட்டு, படைத்தலைவர் உவெர்த்தா ஆட்சியைக் கைப்பற்றினார். அவரை எதிர்த்து நாடெங்கும் புரட்சிப் படைகள் எழுந்தன. பதினெட்டு வயது லாசரோவும் ஊரைவிட்டு வெளியேறி அப்படைகளில் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எழுத்துப் பணியாகும். அவருடைய கையெழுத்து அழகாயிருந்ததே இதற்குக் காரணம் என்பர். வகுப்பறையில் கையெழுத்தைத் திருத்தி எழுதச் சொல்லும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இதனை எண்ணி மகிழலாம். நான்கைந்து ஆண்டுப் பள்ளிப் படிப்பும் ஒரு நல்ல கையெழுத்துமே அந்த இளைஞர் வீட்டிலிருந்து கொண்டு சென்ற சொத்து.

படிப்படியாக உயர்ந்து, 1920-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1923-ஆம் ஆண்டின் இறுதியில், அரசுக்கு எதிரான கலகத்தை அடக்கச் சென்ற போரில் படுகாயமுற்று எதிரியின் கையில் சிக்கினார். எதிர்த்தரப்புத் தளபதியான புவெல்னா அவரைக் கொல்லாது, மருத்துவம் பெறச் செய்து உயிர் காத்தார். இவ்வாறு சாவின் வாயிலிலிருந்து மீண்டவரைத்தான், 1925-இல் மெக்சிகோ அரசு நாட்டின் கிழக்குக் கடற்கரையிலுள்ள எண்ணெய்ப் பகுதியின் படைத்தலைவராக அனுப்பி வைத்தது.

கறுப்புப் பொன் விளைந்த நிலம்

கார்டெனாஸ் சென்ற இடத்தை முதலில் நாம் அறிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் பானுகோ ஆறு கலக்குமிடத்திற்கு அருகே அமைந்த துறைமுக நகரம் தம்பிகோ. அதற்குத் தெற்கே வெராக்ருஸ் மாநிலத்தின் வடபகுதியில் பரந்து கிடக்கும் வெப்பமான காட்டு நிலமே உவாஸ்டெகா. அம்மண்ணின் பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சோளம் பயிரிட்டும் ஆற்றில் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்டு டோகினியும், ஆங்கிலேயரான வீட்மன் பியர்சனும் அங்கே எண்ணெய் தேடி வந்தனர். சிறு தொகைக்கு நிலங்களை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் கிணறுகள் தோண்டினர்.

பூமிக்குள்ளிருந்து எண்ணெய் பீறிட்டு எழுந்தது. 1908-இல் தோஸ் போகாஸ் என்னுமிடத்தில் ஒரு கிணறு தீப்பற்றி, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இடைவிடாது எரிந்தது. 1916-இல் செர்ரோ அசூல் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட நான்காம் எண் கிணறு, ஒரே நாளில் 2,60,000 பீப்பாய் எண்ணெயைக் கக்கியது. 1921-இல் மெக்சிகோவின் எண்ணெய் விளைவு 19 கோடியே 30 லட்சம் பீப்பாய்களாகும். இது அன்றைய உலக விளைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆனால் அளவின்றி உறிஞ்சப்பட்ட கிணறுகளில் விரைவில் உப்பு நீர் புகுந்தது. விளைவு சரிந்தது. 1928-இல் அது சுமார் 5 கோடிப் பீப்பாயாகக் குறைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து தெருவில் நின்றனர். கார்டெனாஸ் அங்கு வாழ்ந்த காலம், இந்தச் சரிவின் காலமாகும்.

எண்ணெய் நிறுவனங்கள் அப்பகுதியில் ஓர் அரசுக்குள் மற்றோர் அரசாக விளங்கின. புரட்சிக் காலத்தில் 1914 முதல் ஆறு ஆண்டுகள், பெலாயெஸ் என்னும் நில உடைமையாளர் தனிப்படை வைத்து அவ்வட்டாரத்தைத் தம் பிடிக்குள் வைத்திருந்தார். அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தவை அந்நிறுவனங்களே. 1917-ஆம் ஆண்டு மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மண்ணுக்கு அடியிலுள்ள வளம் அனைத்தும் நாட்டுக்கே உரியது என விதித்தது. 123-ஆம் பிரிவு தொழிலாளர் உரிமைகளை வகுத்தது. சட்டம் தலைநகரில் இருந்தது. எண்ணெய் வயலில் நிறுவனத்தின் சொல்லே சட்டமாயிருந்தது.

வேலிக்கு இப்புறமும் அப்புறமும்

கார்டெனாஸின் தலைமையிடம் தம்பிகோ நகரத்தில் இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில், வெராக்ருஸ் மாநிலத்தைச் சேர்ந்த வில்லா குவாதெமோக் என்னும் சிற்றூரில் அவருடைய அலுவலகம் அமைந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் எண்ணெய்த் தொட்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல் துறைகளும் வரிசையாக நின்றன. நாள்தோறும் அவர் கண்முன் நாட்டின் செல்வம் கப்பலேறிச் சென்றது.

அச்செல்வத்தைத் தோண்டி எடுத்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? அந்நிய அலுவலர்களின் குடியிருப்பு உயரமான, காற்றோட்டமான இடத்தில் வேலியிடப்பட்டிருந்தது. அங்கே கொசு வலை அடித்த சன்னல்கள், மின்விளக்கு, நல்ல குடிநீர், மருத்துவமனை, விளையாட்டுத் திடல், பொழுதுபோக்கு மன்றம் எல்லாம் இருந்தன. வேலிக்கு அப்பால், தாழ்வான சதுப்பு நிலத்தில், மெக்சிகோத் தொழிலாளர் பலகையாலும் தகரத்தாலும் ஓலையாலும் குடிசை அமைத்து வாழ்ந்தனர். மழைக்காலத்தில் வெள்ளம் புகும். மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் வரும். ஆற்று நீரில் எண்ணெய் மிதக்கும். ஒரே வேலையைச் செய்யும் இருவருள் அந்நியருக்கு ஒரு கூலி. மண்ணின் மைந்தனுக்கு அதிற் குறைந்த கூலி. மேற்பார்வைப் பொறுப்புகளுக்கு மெக்சிகோக்காரர் அரிதாகவே உயர்த்தப்பட்டனர்.

ஊர் ஒரு புறமும் உழைப்பவர் குடியிருப்பு மறுபுறமுமாகப் பிரிந்து கிடக்கும் காட்சி நமக்குப் புதிதன்று. பிரிக்கும் காரணம் நாட்டுக்கு நாடு மாறலாம். மேட்டு நிலம் யாருக்கு, பள்ளம் யாருக்கு என்னும் கணக்கு மட்டும் எங்கும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகின்றது. கார்டெனாஸ் இக்கணக்கைப் புத்தகத்தில் படிக்கவில்லை. குதிரையிலும் வண்டியிலும் வயல் வயலாகச் சென்று கண்ணால் கண்டார்.

நிறுவனங்கள் தம் நிலத்துச் சாலைகளில் தடைவாயில் அமைத்துக் காவலரை நிறுத்தியிருந்தன. அனுமதியின்றி எவரும் நுழைய முடியாது. அப்பகுதியின் பாதுகாப்புக்கே பொறுப்பாளரான படைத்தலைவரும் இத்தகைய வாயில்களில் காத்து நிற்க நேர்ந்தது. சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டுச் சீருடை அணிந்தவர், அந்நிய நிறுவனத்தின் காவற்காரன் வாயில் திறக்கும்வரை நிற்பதென்றால் அந்த அவமதிப்பின் அளவை நாம் விளக்க வேண்டியதில்லை. அவர் கோபங்கொண்டு வாயிலை உடைக்கவில்லை. ஆனால் அதனை மறக்கவும் இல்லை.

வாசலுக்கு வந்த புதிய வண்டி

எண்ணெய்ப் பகுதிக்கு வரும் படைத்தலைவர்களைப் பரிசுகளால் தம் வயப்படுத்துவது நிறுவனங்களின் வழக்கம். கார்டெனாஸ் அக்காலத்தில் பயன்படுத்தியது ஒரு பழைய மோட்டார் வண்டி. நிறுவனத்தார் விலையுயர்ந்த புதிய பாக்கார்டு வண்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தனர் என்றும், அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார் என்றும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

இதனைச் சிறு நிகழ்ச்சி என்று நாம் கடந்துவிடலாகாது. சிற்றூர்க் கடைக்காரரின் மகன் அவர். தந்தை இறந்தபின் தாயையும் தம்பி தங்கையரையும் தம் சம்பளத்தால் காத்தவர். அவருடைய நிலையிலிருந்த படைத்தலைவர் பலர் அக்காலத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தனர். ஒரு வண்டியை வாங்கிக்கொண்டால் யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று அந்த வண்டியில் ஏறியிருந்தால், 1938-இல் அதே நிறுவனங்களின் முகத்தை நேரே நோக்கிப் பேசும் உரிமை அவருக்கு இருந்திருக்காது. வேண்டாம் என்று அன்று சொன்ன ஒரு சொல், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கேடயமாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் கார்டெனாஸ் தொழிலாளரின் நிலையை மாற்றிவிடவில்லை. அவர் மேலிடத்து ஆணைக்குக் கட்டுப்பட்ட படைவீரர். சட்டம் இயற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அக்காலத்தில் அவர் சேர்த்தது அறிவு. காத்தது தம் கையின் தூய்மை.

நண்பர் மூகிகா

உவாஸ்டெகாவில் அவருக்குக் கிடைத்த பெரும்பேறு பிரான்சிஸ்கோ மூகிகாவின் நட்பாகும். மூகிகா அவரினும் பதினொரு ஆண்டு மூத்தவர். அதே மிச்சோகான் மாநிலத்துக்காரர். 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை வகுத்த பேரவையில், நிலம், தொழிலாளர், கல்வி பற்றிய முற்போக்கான பிரிவுகளுக்காக வாதாடிய முன்னணி வீரர். மாநில ஆளுநர் பதவியை இழந்து, அரசியலில் ஒதுக்கப்பட்ட நிலையில் அவர் எண்ணெய்ப் பகுதிக்கு வந்திருந்தார்.

இருவரும் எண்ணெய் வயல்களில் சேர்ந்து பயணம் செய்தனர். அரசியல் சட்டத்தின் எழுத்தை அறிந்தவர் மூத்தவர். எழுத்துக்கும் வாழ்வுக்கும் இடையே கிடந்த பள்ளத்தை நாள்தோறும் அளந்தவர் இளையவர். பள்ளிப் படிப்பு குறைந்த கார்டெனாஸுக்கு, இந்த உரையாடல்களே உயர்கல்வியாக அமைந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. பட்டம் பெற்றவர் பலர் பெறாத கல்வி அது.

அதே ஆண்டுகளில் நாடும் ஒரு நெருக்கடியைச் சந்தித்தது. குடியரசுத் தலைவர் காயெஸ், 1925-இல் இயற்றிய எண்ணெய்ச் சட்டத்தின்படி நிறுவனங்களின் உரிமைக்கு ஐம்பது ஆண்டு எல்லை விதித்தார். நிறுவனங்கள் எதிர்த்தன, அமெரிக்கா படையெடுக்குமோ என்ற அச்சம் 1927-இல் பரவியது. அந்நியப் படை கரையிறங்கினால் எண்ணெய் வயல்களுக்குத் தீ வைக்குமாறு காயெஸ் கார்டெனாஸுக்கு ஆணையிட்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். போர் மூளவில்லை. பேச்சு வார்த்தையில் அரசு இறங்கி வந்தது. 1928-இல் சட்டம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டது. தீப்பந்தம் ஏந்த ஆயத்தமாயிருந்த படைத்தலைவர், சட்டம் வளைந்ததையும் அருகிலிருந்து கண்டார். 1928-இல் அவர் மிச்சோகான் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்க எண்ணெய்ப் பகுதியை விட்டுச் சென்றார்.

வித்து மரமானது

1934-இல் கார்டெனாஸ் குடியரசுத் தலைவரானார். தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் தொலைவு நாடெங்கும் சுற்றி மக்களின் குறை கேட்டார். பதவியேற்றதும் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சபுல்தெபெக் அரண்மனையில் வாழ மறுத்து எளிய இல்லத்தில் குடியேறினார். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏழை மக்கள் கட்டணமின்றித் தமக்குத் தந்தி அனுப்பலாம் என ஏற்பாடு செய்தார். வாயிலில் காத்து நிற்பதன் வேதனையை அறிந்தவர் அல்லவா!

சிதறிக் கிடந்த எண்ணெய்த் தொழிலாளர் சங்கங்கள் 1935-இல் ஒன்றிணைந்தன. கூலி உயர்வும் வாழ்க்கை வசதியும் கோரி 1937 மே மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. பொருளியல் அறிஞர் ஹெசூஸ் சில்வா எர்சோக் முதலானோர் அடங்கிய குழு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து, ஆண்டுக்கு 2 கோடியே 60 லட்சம் பெசோ கூடுதலாகத் தர அவற்றால் இயலும் என்று அறிக்கை தந்தது. அதனையொட்டி நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 1938 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நிறுவனங்களோ நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கே பணிய மறுத்தன.

அம்மாதம் 9-ஆம் நாள், குவெர்னவாக்கா நகருக்கு அப்பால் சாலையோரத்தில் கார்டெனாஸ் ஒருவரோடு தனியே நடந்தபடி ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினார். அவர் வேறெவரும் அல்லர். அப்போது அமைச்சராயிருந்த மூகிகாவே. உவாஸ்டெகாவில் இருவரும் சேர்ந்து கண்டவற்றை அவர்கள் நினைவுகூர்ந்தனர். நாட்டுடைமை அறிக்கையின் வரைவை எழுதும் பணியைக் கார்டெனாஸ் மூகிகாவிடமே ஒப்படைத்தார்.

மார்ச் 18 இரவு 10 மணிக்கு வானொலியில் அறிவிப்பு ஒலித்தது. அவ்வுரையில் அவர் சட்ட நுணுக்கங்களோடு நிற்கவில்லை. எண்ணெய் வயல்களைச் சுற்றியுள்ள எத்தனை ஊர்களில் மருத்துவமனை உண்டு, பள்ளி உண்டு, நல்ல குடிநீர் உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு என்று நிறுவனங்களை நோக்கி வினவினார். இந்த வினாக்கள் தலைநகரத்து எழுதுமேசையில் பிறந்தவையல்ல. வில்லா குவாதெமோக் கரையில் நின்று அவர் எண்ணிய எண்ணிக்கையே அன்று வானொலியில் ஒலித்தது.

நட்டஈட்டுக்கு நிதி திரட்ட, ஏப்ரல் மாதம் தலைநகரத்தின் நுண்கலை அரங்கில் பெண்கள் திரண்டனர். செல்வர் நகைகளைக் கொடுத்தனர். ஏழைகள் கோழியைக் கொண்டுவந்து கொடுத்தனர். அந்நிய நாடுகள் மெக்சிகோ எண்ணெயை வாங்க மறுத்தன. கருவிகளும் கப்பல்களும் கிடைக்கவில்லை. மேற்பார்வைக்குத் தகுதியற்றவர் எனத் தள்ளி வைக்கப்பட்டிருந்த தொழிலாளரே பழைய எந்திரங்களைப் பழுது பார்த்துக் கிணறுகளையும் ஆலைகளையும் இயக்கிக் காட்டினர். அமெரிக்க நிறுவனங்களோடு 1942-இலும், ஆங்கிலேய நிறுவனத்தோடு 1947-இலும் நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது. பின்னாளில் அந்த அரசு நிறுவனத்திலும் ஊழலும் கடனும் புகுந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. உரிமையை மீட்பது ஒரு தலைமுறையின் கடமை. மீட்டதைத் தூய்மையாகக் காப்பது அடுத்தடுத்த தலைமுறைகளின் கடமை.

கல்விக்கு ஈந்த இல்லம்

தொடக்கப் பள்ளியைத் தாண்டாத கார்டெனாஸ், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் தொழில்நுட்பம் பயில 1936-இல் தேசியத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தை உருவாக்கினார். அதே ஆண்டில் பழங்குடி மக்களுக்கெனத் தனி அரசுத் துறை ஏற்படுத்தினார். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் நிலம் அவர் ஆட்சியில் உழுவோர்க்குப் பிரித்தளிக்கப்பட்டது. பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் தமக்கிருந்த இல்லத்தையும் அவர் வழங்கிவிட, அங்கே 1951-இல் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் வயது வந்தோர் கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையம் யுனெஸ்கோவின் துணையோடு தொடங்கப்பட்டது. 1970 அக்டோபர் 19 அன்று அவர் மறைந்தார்.

நம் கழகத்தின் உதவியால் படித்த பிள்ளைகள் இன்று எழுத்தராகவும் ஆசிரியராகவும் காவல் அலுவலராகவும் வட்டாட்சியராகவும் பல ஊர்களுக்குச் செல்கின்றனர். செல்லும் இடத்தில் அனைத்தையும் உடனே மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இராது. ஆயினும் வேலியின் இருபுறத்தையும் கண்ணால் காணலாம். எத்தனை வீட்டிற்குக் குடிநீர் இல்லை என்று எண்ணி வைக்கலாம். அறிவில் மூத்த நண்பர் ஒருவரைத் தேடிக்கொள்ளலாம். வாசலுக்கு வரும் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். இந்நான்கையும் செய்தவர்தாம் எண்ணெய் நகரத்தில் மூன்றாண்டு வாழ்ந்த கார்டெனாஸ். காலம் கனிந்தபோது அவர் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவரிடம் இருந்தன. நம் பிள்ளைகளிடமும் அவை சேரட்டும் என்று வாழ்த்துகின்றோம்.